திண்டிவனம் வண்டி எரிந்த வாரம்

8 ஜனவரி 1979, திங்கள்

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து இன்று பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கேக்கோடு சேர்த்துத் தின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

டீச்சர்கள் அறையில் ஒரே பேச்சுதான். பாண்டிச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப்போகிறார்களாம். டெல்லியில் சொல்லிவிட்டார்களாம். நம் வேலை என்ன ஆகும், சீனியாரிட்டி என்ன ஆகும், பிரெஞ்சு வகுப்பை எடுத்துவிடுவார்களா? சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே மணி அடித்துவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சிரித்தார். "நல்லதுதான மேரி? என் ஊரும் என் பொண்டாட்டி ஊரும் ஒண்ணாயிடும். கோட்டக்குப்பம் செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்த வேணாம்." வேடிக்கையாகத்தான் சொன்னார். திண்டிவனம் பக்கத்து ஆள்; தமிழ்நாட்டு கவர்மென்ட் பஸ்ஸில் டிரைவர்; எதையும் வண்டி ஓட்டுகிற கணக்கில்தான் பேசுவார். ஆனால் அலெக்சாண்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்கு வேடிக்கையா இருக்கும் மாமா. எங்களுக்கு ஊரே போவுது" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

என் தம்பி. அம்மா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். ஆலையில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவர்தான் அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். இருவரும் பேசாமல் படுக்கப் போனது எனக்குத் தெரிந்து இன்றுதான்.

11 ஜனவரி, வியாழன்

அலெக்சாண்டர் ஒரு கட்டுக் கறுப்புத் துணி கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்தான். சட்டையில் குத்திக்கொள்ளத் துண்டு துண்டாக ஓரம் அடித்துத் தர வேண்டுமாம். அடித்துக் கொடுத்தேன். மனசார அடித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இந்த ஊர் ஒரு ஜில்லாவின் மூலையில் ஒரு தாலுகாவாகக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதற்கெடுத்தாலும் கடலூருக்கும் மெட்ராசுக்கும் ஓட வேண்டும். நம்மைக் கேட்காமல் நம்மைத் தூக்கிக் கொடுக்க இவர்கள் யார்?

இவர் டியூட்டி முடிந்து வந்து, என் மடியில் கிடந்த துணிகளைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு குத்தி வுடேன். கல்லு கில்லு விழாம இருக்கும்" என்றார். எங்கள் மகள் புஷ்பா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல் லீவு. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி பொங்கலும் கரும்பும் கொடுத்து அனுப்பினாள். கரும்பை வைத்துவிட்டு அவள் கேட்டது: "டீச்சரு, உங்க வூட்டுக்காரரு நாளைக்கும் வண்டி எடுக்குறாரா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். ஏன் கேட்டாள்?

17 ஜனவரி, புதன்

கடையடைப்பு. பெரிய மார்க்கெட் மூடிக் கிடக்கிறதாம். எங்கள் முதலியார்பேட்டையில் பெட்டிக்கடைகூட இல்லை. காலையில் ஊர்வலம் எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போனது. வாசலில் நின்று பார்த்தேன். ஆலைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், வக்கீல்கள், மீன்காரப் பெண்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். அலெக்சாண்டர் முன்வரிசையில் இருந்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு போனான். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வந்தவனுக்குக் குரலே இல்லை. மிளகுப்பால் போட்டுக் கொடுத்தேன். கண் மட்டும் பளபளவென்று இருந்தது, காய்ச்சல்காரன் கண் மாதிரி. "ரெண்டு தமிழ்நாட்டு பஸ்ஸு கண்ணாடி போயிடுச்சிக்கா" என்றான். யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

19 ஜனவரி, வெள்ளி

இன்று இவர் தலைமுடியில் கண்ணாடித் தூள். சின்னச் சின்னதாக, கற்கண்டு மாதிரி. வேட்டியை விரித்து உட்காரவைத்து, சீப்பால் வாரி எடுத்தேன். முத்தியால்பேட்டையில் பக்கவாட்டுக் கண்ணாடியில் அடித்திருக்கிறார்கள். யாருக்கும் அடியில்லை என்கிறார்.

லீவு போடச் சொன்னேன். கெஞ்சினேன். பிறகு கத்தினேன்.

"லீவு இல்லன்னுட்டாங்க மேரி."

"உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."

"எல்லா டிரைவரும் அதையே சொன்னா? ஆஸ்பத்திரிக்கு வந்தவன், பொண்ணக் கட்டிக் குடுத்த வூட்டுக்கு வந்தவன்லாம் எப்படித் திரும்பிப் போவான்?"

அலெக்சாண்டர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "மாமா, நாளைக்குப் போவாதீங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. இவர், "ஏண்டா, நாளைக்கு என்னா?" என்று கேட்டார். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். நாளைக்கு என்ன? அவனுக்குத் தெரியுமா? இல்லை, எல்லோரும் பயப்படுகிற மாதிரி அவனும் பயப்படுகிறானா? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஜனம் இனிமே யாரு சொல்லியும் கேக்காது" என்றான்.

20 ஜனவரி, சனி

போய்விட்டார். போகும்போது புஷ்பாவின் பின்னலை இழுத்துவிட்டுப் போனார். அலெக்சாண்டரும் இல்லை.

அதே நாள், சாயங்காலம்

வடக்கே புகை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தோம், நானும் அஞ்சலாட்சியும். கட்டைப் புகை இல்லை, கறுப்பாக, கனமாக, டயர் எரிகிற நாற்றம். அவள் புருஷன் அரிகிருஷ்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டை பட்டன் எல்லாம் அறுந்திருந்தது. டவுனில் சுட்டார்களாம். யார், எங்கே, எத்தனை பேர், ஒன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "முத்தியால்பேட்டைல ஒரு வண்டிய கொளுத்திட்டாங்க டீச்சர். திண்டிவனம் வண்டி" என்றார்.

திண்டிவனம் வண்டி ஒன்றா இரண்டா? எத்தனையோ ஓடுகிறது. எத்தனையோ டிரைவர்.

ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஊரடங்கு. வெளியே வந்தால் சுடுவார்களாம். மாதாவே, அவர் வெளியேதானே இருக்கிறார். ரெண்டு பேரும் வெளியதான இருக்காங்க.

21 ஜனவரி, ஞாயிறு

பூசை இல்லை. கோயில் மணிகூட அடிக்கவில்லை. எனக்குத் தெரிந்து மணி அடிக்காத ஞாயிறு இதுதான்.

வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. பால் இல்லை. கொல்லைப்புறச் சுவர் வழியாகத் தெரு முழுவதும் சாமான் போய்க்கொண்டிருக்கிறது. நான் பருப்பு கொடுத்தேன். அஞ்சலாட்சி மாட்டைக் கறந்து, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குச் சொம்பு சொம்பாகச் சுவருக்குச் சுவர் தள்ளிவிட்டாள். சர்க்கரை எங்கிருந்தோ வந்தது. தெரு ஒரே வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் என்னிடம் கொடுக்கும்போது மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். அது என்னைக் கொன்றது.

பதினோரு மணி இருக்கும். ஊரடங்கையும் மதிக்காமல் நாலைந்து பையன்கள் சந்து வழியாக வந்தார்கள். எங்கள் தெரு முகங்கள் இல்லை. வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்: "இங்க ஒரு தமிழ்நாட்டு பஸ்ஸு டிரைவர் வூடு இருக்காமே?" நான் கதவுக்குப் பின்னால் புஷ்பாவின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இவருடைய இன்னொரு காக்கிச் சட்டை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறக் கொடி, வாசலிலிருந்து தெரியாது. இருந்தாலும் எனக்கு அது ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது.

அஞ்சலாட்சியின் குரல் கேட்டது.

"டிரைவரா? இது டீச்சரு வூடுடா. கறுப்புத் துணி தெச்சிக் குடுத்தது யாருன்னு நெனச்ச? போ, போ. உங்க அம்மா தேடப்போறா."

போய்விட்டார்கள்.

நான் தைத்த துணிதான் என்னைக் காப்பாற்றியது. அந்தத் துணியைக் குத்திக்கொண்டவர்களில் யாராவதுதான் அந்த வண்டியையும்... வேண்டாம். எழுத மாட்டேன்.

புஷ்பா கேட்கிறாள்: "அம்மா, அப்பா எந்த ஊரு?"

22 ஜனவரி, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்த் தேடலாம் என்று புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மீன் கூடையோடு ஒரு அம்மாள். கூடையில் மீன் இல்லை. ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய புடவை, காலெல்லாம் ஈர மணல். "டீச்சரு வூடு இதானா? டிரைவரு சம்சாரம் நீதானா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பயப்படாத. உசுரோட கீறாரு. எங்க வூட்ல கீறாரு, வைத்திக்குப்பத்துல. உன் தம்பியும் அங்கதான் கீறான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாளின் பெயர் குஞ்சம்மாள். முன்னே பின்னே தெரியாத எனக்காக, கூடை எடுத்தால்தான் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள் என்று வெறும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊரைக் கடந்து நடந்து வந்திருக்கிறாள்.

"கண்ணுல அடி. நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போவணும்னு பாத்தோம். ரோட்டுல கால வெக்க முடில. நீ வா, போலாம்" என்றாள்.

புஷ்பாவை அரிகிருஷ்ணனிடம் விட்டுவிட்டு, அஞ்சலாட்சி என்னோடு கிளம்பினாள். வேண்டாம் என்றேன். "சும்மா வா டீச்சர்" என்றாள். மூன்று பெண்களாக நடந்தோம். பெரிய மார்க்கெட் பக்கம் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டோம். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் காய்கறியும் மீனும் பூவும் சேர்ந்து அழுகிக்கொண்டிருந்தன. தெருவெல்லாம் செங்கல், ஒற்றைச் செருப்புகள். ஜனங்கள் ஓடி ஓடி அரிசியும் மண்ணெண்ணெயும் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை.

குப்பத்து முனையில் வண்டி நின்றிருந்தது. வண்டி இல்லை, எலும்புக்கூடு. முன் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்திருந்தன. நான் அவர் சீட்டைத் தேடினேன். கம்பிச் சுருள்தான் மிச்சம்.

அவர் குஞ்சம்மாள் வீட்டில் பாயில் படுத்திருந்தார். வலது கண்ணில் கிழிந்த வேட்டியால் பெரிய கட்டு. உடம்பில் யாரோ மீன்காரருடைய கட்டம் போட்ட சட்டை. காக்கியைக் குஞ்சம்மாள் அன்றைக்கே அடுப்பில் வைத்துவிட்டாளாம். நான் தொட்டதும், "மேரியா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அலெக்சாண்டர் வெளியே படகு நிழலில் உட்கார்ந்திருந்தான். இடது கை வீங்கித் துணியில் தொங்கியது. நெற்றியில் ரத்தம் காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏண்டா வந்து சொல்லல?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். வலியில் கத்தினான். "உன் மூஞ்சில எப்டிக்கா முழிக்கறது?" அடிபட்டதனால் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

குஞ்சம்மாள் பிடித்துக்கொடுத்த ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ரிக்‌ஷாக்காரர் காசு வாங்கவில்லை. இரண்டு பேரையும் வார்டில் சேர்த்துவிட்டார்கள். நான் இங்கே தாழ்வாரத்தில் இருக்கிறேன். ஊரடங்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. அஞ்சலாட்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாளா?

24 ஜனவரி, புதன். ஆஸ்பத்திரியில்

நடந்தது என்ன என்று இப்போதுதான் கோர்வையாகத் தெரிகிறது. கொஞ்சம் இவர் சொன்னது, கொஞ்சம் இன்று குழம்பு கொண்டுவந்த குஞ்சம்மாள் சொன்னது.

சனிக்கிழமை திண்டிவனத்துக்குக் கிளம்பிய வண்டி நிறைய ஜனம். முத்தியால்பேட்டை திருப்பத்தில் கூட்டம் மறித்தது. இவர் வேகத்தைக் குறைக்கும்போதே கல் விழ ஆரம்பித்துவிட்டது. முன் கண்ணாடி உடைந்து கண்ணில் அடி. பின்னால் ஒருத்தன் மண்ணெண்ணெய் டின்னோடு ஓடி வந்தானாம். அந்த நேரத்தில் அலெக்சாண்டர் கூட்டத்திலிருந்து பாய்ந்து படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, "மாமா, ரைட்ல ஒடி! ரைட்ல ஒடி, கடல் பக்கம்!" என்று கத்தியிருக்கிறான். இவருக்கு ஒரு கண்ணில் ரத்தம்தான் தெரிகிறது. அவன் குரலைப் பிடித்துக்கொண்டு ஒடித்திருக்கிறார். வண்டி போகாத சந்து அது. இரண்டு பக்கச் சுவரும் உரச, மணல் வரைக்கும் ஓட்டி, சக்கரம் புதைந்த இடத்தில் ஜனத்தை இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

கூட்டம் பின்னாலேயே வந்து வண்டிக்குத் தீ வைத்துவிட்டது. அலெக்சாண்டரைத் துரோகி என்று சொல்லிக் கட்டையால் அடித்தது அவனோடு ஊர்வலம் போனவர்கள்தானாம். பிறகு ஜனங்களைத் தேடிக் குப்பத்துக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள். குப்பத்துப் பெண்கள் மீன் அறுக்கிற அரிவாள்மணையும் துடுப்புமாக வழியில் நின்றார்களாம்.

"'எங்க படகுலயும் கறுப்புக் கொடிதான் பறக்குது, பாத்துக்க'ன்னேன். 'இணைப்பு வேணாம்னு நாங்களுந்தான் சொல்றோம். அதுக்குப் புள்ளத்தாச்சிய எதுக்குடா கொளுத்தணும்'னேன். ஒவ்வொருத்தனா பின்வாங்கிட்டானுங்க." குஞ்சம்மாள் இதைச் சொல்லும்போது இன்னும் மூச்சு வாங்கியது.

வண்டியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாளாம். ஒவ்வொரு குடிசையிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒளித்துவைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆண்கள் படகும் கட்டுமரமும் தள்ளி, அத்தனை பேரையும் கடல் வழியாகக் கோட்டக்குப்பத்துக்கு அந்தாண்டை கரை இறக்கிவிட்டு வந்துவிட்டார்கள். "ரோட்டுலதான ஊரடங்கு? கடல்ல ஏது?" என்றாள் குஞ்சம்மாள்.

இவரையும் ஏற்றப் பார்த்தார்களாம். தலை நிற்கவில்லை, அலையில் வாந்தி எடுத்தால் கண்ணுக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள்.

26 ஜனவரி, வெள்ளி

டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். வலது கண் வராது. "ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்மா." ஒரு நாள். அந்த ஒரு நாளை யாரிடம் போய்க் கேட்பேன்?

30 ஜனவரி, செவ்வாய்

ஊரடங்கு எடுத்தாயிற்று. இணைப்பு இல்லையாம். மக்கள் விருப்பத்துக்கு விரோதமாகச் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே வெடிச் சத்தம். சுட்ட சத்தம் என்று நினைத்து வார்டே ஒரு நொடி நடுங்கியது. பிறகுதான் தெரிந்தது, பட்டாசு.

யாரோ ஒருவர் வார்டுக்குள் வந்து கட்டில் கட்டிலாக மிட்டாய் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் கேட்டதுதானே நடந்திருக்கிறது? மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

"என்னா சத்தம் மேரி?" என்றார்.

"இணைப்பு இல்லையாம்."

"சரி" என்றார். பிறகு, "வாயில போடு. நீ தெச்ச தையலுக்கு" என்றார். கேலியா, கோபமா? ஒரு கண்ணும் முகத்தில் பாதியும் கட்டுக்குள் இருக்கும்போது எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சுவர் மேல் இப்போதும் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது, முட்டை, முருங்கைக்கீரை, பத்தியக் குழம்பு.

டாக்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கண்ணில் தூரம் தெரியாது, கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே மாதிரி இருக்கும், இனி வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்று அவரே சொன்னார். நிலைப்படியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். உதவிக்குப் போனால் எரிந்துவிழுகிறார். இன்று புஷ்பா மேல் கை ஓங்கினார். எதற்கும் கை ஓங்காத மனுஷன். பிறகு கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

18 பெப்ரவரி, ஞாயிறு

இதை எழுதலாமா? வேறு யாரிடம் சொல்வேன்?

பூசை முடிந்து வரும்போது அலெக்சாண்டர் என்னைக் கோயில் மதில் ஓரமாக நிறுத்தினான். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், கை இன்னும் மெலிந்து கிடக்கிறது. பெரிய குரல் உள்ளவன், உதடு மட்டும் அசைகிற மாதிரிப் பேசினான்.

"அக்கா, அன்னிக்கி மொதக் கல்லு நான் போட்டதுதான்."

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மனசு வரவில்லை.

"யாரு ஓட்றாங்கன்னு பாக்கல. தமிழ்நாட்டு வண்டின்னு போட்டேன். கண்ணாடில பட்டுச்சி. அப்பறம் எல்லாருந்தான் போட்டாங்க. எது மாமா கண்ணுல பட்டுச்சின்னு தெரியாது. சத்தியமா தெரியாதுக்கா. கண்ணாடி வுழுந்தப்பறந்தான் மாமா மூஞ்சி தெரிஞ்சிது."

அறையலாம் என்று கை எழுந்தது. அந்த மெலிந்த கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் சாயங்காலம் தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்காரன் ஒருவன் அறைக்குப் போய்விட்டான். "ஏன் போறான்?" என்று இவர் கேட்டார். ஷிப்ட் மாறிவிட்டது, அங்கிருந்து கிட்டே என்று சொன்னேன். பொய். என்னால் தூங்கவும் முடியவில்லை, ஜெபம் சொல்லவும் முடியவில்லை. இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரியாமலே போனால் நான் எப்படி இவருக்குச் சோறு போடுவேன்?

28 பெப்ரவரி, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு இவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

9 மார்ச், வெள்ளி

டிப்போவில் கூப்பிட்டார்கள். டைம்கீப்பர் அறையில் உட்காருகிற வேலை. காலையில் வண்டி ஏறி ஜனத்தோடு ஜனமாகத் திண்டிவனம் போய்வருகிறார். முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். "சீட்டு கெடச்சிது" என்றார். அவ்வளவுதான்.

25 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சொன்னது நான் இல்லை என்றுகூடச் சொல்லலாம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "உன் தம்பி எத்தன நாளைக்கு இப்படி ஒளிஞ்சிகினு இருப்பான்?" என்று கேட்டார். என் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. எல்லாம் வந்துவிட்டது. அழுதுகொண்டே, முன்னே பின்னே மாற்றி மாற்றிச் சொன்னேன். கத்துவார், எழுந்து போவார் என்று பயந்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"அவன் என்னப் பாக்கறதுக்கு முன்னாடி நான் அவனப் பாத்தேன் மேரி. கும்பல்ல மொத ஆளு. கையத் தூக்கிகினு நின்னான். நம்ம பையனாச்சேன்னு பிரேக்குல காலு போச்சி. இல்லன்னா மிதிச்சிகினு போயிருப்பேன்."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டே, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அவனோடு படுத்திருந்தாரா?

"ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்ல? கல்லு வுட்டவனும் அவன்தான். ஏறி வந்து வழி சொன்னவனும் அவன்தான். அவன் ஏறலன்னா அத்தினி ஜனமும் உள்ளயே வெந்திருக்கும். எத முதல்ல சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"அப்ப மன்னிச்சிட்டீங்களா?"

"அதெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரில அவன் இருமுனாகூட எனக்கு ஒடம்பு பத்திக்கும். இப்பவும் நெனச்சா பத்திக்குது." பிறகு, கீழே விழுந்த துணியை எடுக்கக் குனிந்தார். கை துணிக்கு இந்தப் பக்கம் தரையைத் தொட்டது. தடவி எடுத்து என்னிடம் கொடுத்தார். "ஈஸ்டர் பாஸ்காவுக்கு அவன வரச்சொல்லு. தனியா எங்க போய்த் திம்பான்?"

14 ஏப்ரல், சனி

வருவானா? ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. பதில் இல்லை. கறிக்குச் சொல்லிவைத்தேன். வந்தால் எங்கே உட்காரவைப்பது, யார் முதலில் பேசுவது? இவர் ஏதாவது சொல்லிவிட்டால்? ஒன்றுமே சொல்லாவிட்டால்?

15 ஏப்ரல், ஞாயிறு. பாஸ்கா

வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். புஷ்பாதான் "மாமா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். மெலிந்துவிட்டான். இவர் நிமிர்ந்து பார்த்தார். "வா" என்றார். அவன் அவருக்கு வலது பக்கமாக உட்காரப் போனான். "இங்க உக்காரு, அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது" என்று இடது பக்கத்தைக் காட்டினார்.

இலை போட்டுப் பரிமாறினேன். புஷ்பா மட்டும் பள்ளிக்கூட நாடகத்தைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அலெக்சாண்டர் சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை. பிறகு ஒரு வாய் வைத்தான். காரம் நெஞ்சில் ஏறிவிட்டது, இருமினான். இரும இரும அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. நான் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். தாடை ஒரு தடவை இறுகியது.

நான் எழுவதற்குள் இவர் சொம்பை எடுத்துவிட்டார். அவன் டம்ளர் இருந்த பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் டம்ளருக்கு அந்தாண்டை, தரையில் விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அலெக்சாண்டர் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மெலிந்த கையை நீட்டி, டம்ளரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்கு மெதுவாக நகர்த்தினான். டம்ளரில் விழுகிற சத்தம் கேட்டது.

"போதுமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா" என்றான்.